முதன்முறை தனியாகப் பாய்மரப் படகு எடுக்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

கேள்வி இதுதான்: சென்னையில் சில வார இறுதிகள் வகுப்புக்குப் போய்ப் பாய்மரப் படகு ஓட்டக் கற்றுக்கொண்ட ஒருவர், பழைய லேசர் படகு ஒன்றை வாங்கப் பார்க்கிறார். இதுவரை பயிற்சியாளர் மோட்டார் படகில் கூடவே வந்துகொண்டிருந்தார். இனிமேல் தனியாக எடுக்க வேண்டும். நீச்சல் தெரியும். எந்தக் காற்றில் போகலாம், கவிழ்ந்தால் என்ன செய்வது, முதல் நாள் எதையெல்லாம் கவனிப்பது என்று கேட்டிருக்கிறார்.

சுருக்கமான பதில்: ஓட்டுவதைப் பற்றி ரொம்பக் கவலைப்படாதீர்கள், வகுப்பிலேயே பாதி கைக்கு வந்திருக்கும். திரும்பி வருவதைப் பற்றி யோசியுங்கள். இன்றைக்கு அடிக்கிற காற்று, நீங்கள் ஒன்றுமே செய்யாமல் உட்கார்ந்திருந்தால் படகை எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும்? இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்த பிறகு படகைத் தண்ணீரில் இறக்குங்கள். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

இனி விரிவாக.

லேசர் நல்ல தேர்வு. நீளம் 4.23 மீட்டர், வெற்று உடலின் எடை 59 கிலோ, ஒரே ஒரு பாய், ஒரே ஆள். கனடாவைச் சேர்ந்த புரூஸ் கிர்பி வரைந்து 1970களின் தொடக்கத்தில் வெளிவந்த படகு. 1996 அட்லாண்டாவிலிருந்து ஒலிம்பிக்கில் இருக்கிறது. இப்போது போட்டிகளில் இதன் பெயர் இல்கா என்று மாறிவிட்டாலும் கரையில் எல்லோரும் லேசர் என்றுதான் சொல்கிறார்கள். 2021-ல் ஒலிம்பிக் பாய்மரப் படகுப் போட்டிக்குத் தகுதிபெற்ற முதல் இந்தியப் பெண்ணான நம் சென்னையின் நேத்ரா குமணன் ஓட்டியது இதே உடலில் சற்றுச் சின்னப் பாய் போட்ட ரேடியல் வகையை.

அந்தச் சின்னப் பாய் விஷயத்தை மனத்தில் வையுங்கள். ஒரே உடலுக்கு மூன்று அளவில் பாய் உண்டு: 7.06 சதுர மீட்டர், 5.76, அப்புறம் 4.7. பாய்க்கேற்றபடி பாய்மரத்தின் கீழ்த்துண்டும் மாறும், மேல்துண்டு பொதுதான். பழைய படகு விற்பவர்கள் பெரும்பாலும் பெரிய பாயோடுதான் தருவார்கள். நீங்கள் நல்ல ஆகிருதியான ஆளாக இருந்தாலும் தனியாகப் போகிற முதல் நாளுக்கு ரேடியல் பாயை யாரிடமாவது கடன் வாங்குங்கள். பெரிய பாயோடு திணறுவதில் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை. சின்னப் பாயைக் குறைச்சலாக நினைப்பவர்களும் உண்டு. அவர்கள் பேச்சைக் காதில் வாங்காதீர்கள்.

வாங்குவதற்கு முன் இரண்டு சோதனைகள். பாய்மரம் செருகும் குழியில் தண்ணீர் ஊற்றி, டீ குடித்துவிட்டு வந்து பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால் குழியின் அடியில் விரிசல் இருக்கிறது, தண்ணீர் உடலுக்குள் போகிறது என்று அர்த்தம். காற்றின் மொத்த விசையும் அந்தக் குழியில்தான் இறங்குகிறது, அதனால் விரிசல் விட்ட குழி நடுக்கடலில் பிய்ந்துகொண்டு வரும். இரண்டாவது, உட்காரும் பள்ளத்தையும் மேல்தளத்தையும் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போங்கள். எங்கேயாவது மெத்தென்று உள்ளே போனால் அந்தப் படகு வேண்டாம். பாய் பழசு, கயிறு நைந்திருக்கிறது என்பதெல்லாம் மாற்றிக்கொள்ளக்கூடிய சங்கதிகள்.

சரி, காற்றுக்கு வருவோம். முக்கியமானது இதுதான்.

காற்று விஷயத்தில் சென்னைக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. கோடை வந்துவிட்டால் கடல்காற்று எத்தனை மணிக்கு நுழையும் என்பதுதான் ஊர்ப் பேச்சே. சீக்கிரம் நுழைந்தால் வெயில் தணியும், தாமதமானால் 40 டிகிரியைத் தாண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். படகு ஓட்டுபவருக்கும் அதே கணக்குதான். காலையில் நிலத்திலிருந்து கடலை நோக்கி அடிக்கும், வெயில் ஏறியபின் கடலிலிருந்து நிலத்தை நோக்கித் திரும்பும். மார்ச், ஏப்ரலில் இந்த மாற்றம் முற்பகலிலேயே நடந்துவிடும். ஜூன், ஜூலையில் தென்மேற்குப் பருவக்காற்று மேற்கிலிருந்து அழுத்துவதால் மதியம் தாண்டியும் இழுக்கும், சில நாள் கடல்காற்று வராமலே போகும்.

ஜூன் மாதக் காலை ஏழு மணிக்குக் கடற்கரையில் நின்று பாருங்கள். முதுகில் மேற்குக் காற்று. கரையை ஒட்டிய தண்ணீர் தட்டையாகக் கிடக்கும். எந்தப் புதியவருக்கும் இன்றைக்குப் போகலாம் என்றுதான் தோன்றும். அன்றைக்குத்தான் போகக் கூடாது. தண்ணீர் தட்டையாக இருப்பதற்குக் காரணம், காற்று கரையிலிருந்து புறப்படுவதால் அலை எழுப்ப அதற்கு இன்னும் தூரம் கிடைக்கவில்லை என்பதே. ஊருக்குள் இருக்கும் கட்டடங்களும் மரங்களும் கரையோரத்தில் காற்றை மறைத்து நிற்கின்றன. ஒரு கிலோமீட்டர் உள்ளே போனால் மறைப்பு இல்லை, காற்று முழு வேகத்தில் இருக்கும், குட்டை அலைகள் எழும்பியிருக்கும். போகும்போது காற்று முதுகில் தள்ளுவதால் வேகம் தெரியாது, ஜாலியாக இருக்கும். திரும்பும்போதுதான் அத்தனை தூரமும் எதிர்காற்றில் வளைந்து வளைந்து வர வேண்டும் என்று உறைக்கும். அந்த நேரத்தில் சுக்கான் கழன்றாலோ கை தளர்ந்தாலோ படகு கிழக்கே போய்க்கொண்டே இருக்கும். சென்னைக்கு நேர் கிழக்கே அந்தமான் வரைக்கும் வேறு கரை கிடையாது.

கடல்காற்று நேர் எதிர். அலை சற்று அதிகமாக இருக்கும், சிலுசிலுவென்று தண்ணீர் முகத்தில் அடிக்கும், பார்க்கப் பயமாகக்கூட இருக்கும். ஆனால் ஏதாவது உடைந்தால் அதுவே உங்களைக் கரைப்பக்கம் தள்ளிக்கொண்டு வரும். அதனால் முதல் நாளுக்குக் கடல்காற்றுதான் சரி.

இதைக் குப்பத்துப் பெரியவர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். என்ஜின் வருவதற்கு முன் கட்டுமரத்தில் பாய் கட்டிப் போனவர்கள், விடியற்காலை நிலக்காற்றில் உள்ளே போய், மதியக் கடல்காற்றில் மீனோடு திரும்புவதையே அன்றாட வழக்கமாக வைத்திருந்தார்கள். போக ஒரு காற்று, வர ஒரு காற்று. கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இன்றைக்குக் கடல்காற்று வருமா வராதா என்று வானத்தையும் நீரோட்டத்தையும் பார்த்துச் சொல்லத் தெரிந்தவர்கள் அவர்கள். வராத நாளில் துடுப்பு போட்டு வந்துசேரும் தெம்பும் இருந்தது. உங்கள் கையில் அந்த இரண்டும் இன்னும் இல்லை. முடிந்தால் அப்படி ஒருவரிடம் கரையில் உட்கார்ந்து அரைமணி நேரம் பேசுங்கள். எந்தச் செயலியும் சொல்லாத விவரம் கிடைக்கும்.

இரண்டு காற்றுக்கும் நடுவில் ஒரு ஓய்வு வரும். பாய் தொங்கிப்போகும், படகு நகராது. பதறாதீர்கள். புதுக்காற்று எதிர்ப்பக்கத்திலிருந்து வரப்போகிறது என்பதை மட்டும் மறக்காமல் தலையைத் தாழ்த்தி உட்காருங்கள். அது வரும்போது தூரத்துத் தண்ணீரில் ஒரு கருநிறப் பட்டை நகர்ந்து வருவது தெரியும். காற்று தொட்ட நீர்ப்பரப்பு சுருங்கி இருண்டு தெரிவதுதான் அந்தப் பட்டை. ஒவ்வொரு வீச்சும், அதாவது திடீரென்று பலமாக அடிக்கும் காற்றும், இப்படித்தான் முன்கூட்டியே கண்ணுக்குத் தெரியும். படகைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்க்கப் பழகினால் பாதிக் கவிழ்தல் குறையும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை மாலைப் பொழுதில் இன்னொரு ஆபத்து உண்டு, மேற்கிலிருந்து வரும் இடிமழை. திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கம் கறுத்து எழும்பும் மேகம் கரையை நோக்கி நகர்ந்தால், மழை வருவதற்கு முன்பே அதிலிருந்து குளிர்ந்த காற்று ஒரு அடி அடிக்கும். அதுவரை அடித்த கடல்காற்றை அது சில நிமிடங்களில் புரட்டிப்போட்டுவிடும், அதுவும் நிலத்திலிருந்து கடலை நோக்கி. அதனால் இந்த மாதங்களில் மூன்று மணிக்கு மேல் புதியவர் தண்ணீரில் இருக்க வேண்டாம். மேற்கே மேகம் திரள்வது தெரிந்தால் மணியைப் பார்க்காமல் திரும்பிவிடுங்கள். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம், அதை மறந்தேவிடுங்கள். துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருந்தால், ஒன்றாம் எண்ணோ மூன்றாம் எண்ணோ, படகைத் தொட வேண்டாம். ஒன்றாம் எண்தானே, புயல் எங்கேயோ இருக்கிறது என்ற வாதம் பெரிய கப்பல்காரர்களுக்கு. என்னைக் கேட்டால் முதல் தனிப்பயணத்துக்குப் பிப்ரவரியும் மார்ச்சும்தான் தோது. கடல் அடங்கியிருக்கும், காற்று மிதமாக இருக்கும், வெயிலும் பொறுக்கும்படி இருக்கும்.

வேகம் எவ்வளவு? 5 முதல் 10 நாட் வரை, அதாவது மணிக்கு சுமார் 9 முதல் 18 கிலோமீட்டர். ஐந்துக்குக் கீழே போனால் படகு சொன்னபடி திரும்பாது, எரிச்சல்தான் மிஞ்சும். பத்தைத் தாண்டினால் லேசர் சுறுசுறுப்பாகிவிடும். காற்றின் விசை வேகத்தின் இருமடியில் ஏறுகிறது. 6 நாட் காற்று 12 ஆனால் பாயின் மேல் இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு விசை. விண்டி மாதிரி செயலிகளில் சராசரி வேகத்தை மட்டும் பார்க்காமல், பக்கத்தில் தனியாகக் காட்டும் வீச்சின் வேகத்தையும் பாருங்கள். சராசரி 8, வீச்சு 18 என்றிருந்தால் உங்களைக் கவிழ்க்கப்போவது அந்தப் 18தான். செயலி இல்லாவிட்டாலும் கண்ணாலேயே பார்க்கலாம்: அலை முகடுகளில் வெள்ளை நுரை அங்கங்கே தென்பட ஆரம்பித்தால் பத்தை நெருங்குகிறது. எங்கு பார்த்தாலும் வெள்ளையாக இருந்தால் வேறொரு நாள் பார்த்துக்கொள்ளலாம்.

எங்கே இறக்குவது? திறந்த கடற்கரையில் வேண்டாம். நம் கரையில் அலை கரைக்குப் பக்கத்திலேயே வந்து உடைகிறது. அதைத் தாண்டும் வரை சுக்கானையும் டாகர்போர்டையும் முழுதாக இறக்க முடியாது, அவை இறங்காமல் படகு சொன்ன பேச்சைக் கேட்காது. டாகர்போர்டு என்பது படகின் நடுவே செங்குத்தாகச் செருகும் பலகை, படகு பக்கவாட்டில் வழுக்கிப் போகாமல் பிடிப்பது அதுதான். அலை உடையும் இடத்தில் படகு புரண்டால் பாய்மரம் மணலில் குத்தி வளைந்துவிடும், அல்லது படகு ஆளின் மேலேயே வந்து விழும். அலைதடுப்புச் சுவருக்கு உள்ளே இருக்கும் தண்ணீர்தான் தோது. சென்னையில் அதற்குத் துறைமுகம்தான் வழி. 1911-ல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் துறைமுகத்துக்குள்ளேதான் இருக்கிறது. துறைமுகத்துக்குள் கால் வைக்கவே அனுமதி வேண்டும் என்பதால் ஏதாவது ஒரு சங்கத்தின் வழியாகப் போவதுதான் நடைமுறை. அதில் இன்னொரு லாபமும் உண்டு, மீட்புப் படகும் கண் வைத்திருக்க ஆளும் இருப்பார்கள். கடலே வேண்டாம் என்று நினைத்தால் ஹைதராபாத்தின் உசேன் சாகர் ஏரி நல்ல இடம். லேசர் தேசியப் போட்டிகளே அங்கே நடந்திருக்கின்றன. எந்தப் பக்கம் அடித்துக்கொண்டு போனாலும் ஏதோ ஒரு கரையில் போய் நிற்பீர்கள்.

உடை, சாமான் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உயிர்காப்பு அங்கி கட்டாயம், அதுவும் தோளைப் பிடித்து மேலே தூக்கினால் காதுவரை ஏறாத அளவுக்கு இறுக்கமாக. வெளிநாட்டுக் கையேடுகள் குளிரைப் பற்றியே பக்கம் பக்கமாக எழுதும், நமக்கு எதிரி வெயில். முழுக்கை நீச்சல் சட்டை, கயிறு கட்டிய தொப்பி, இரண்டு லிட்டர் தண்ணீர். முழுக்கைச் சட்டை போட்டால் சொறி மீன் பட்டு அரிக்காது என்பதும் ஒரு சௌகரியம். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம், நனைந்தால் காலைத் தூக்க முடியாது. பழைய கேன்வாஸ் ஷூ போடுங்கள், ஏனென்றால் படகை இறக்கும் சறுக்குத்தளத்தில் பாசியும் கொட்டலசும் ஒட்டியிருக்கும், வெறுங்காலில் மிதித்தால் பாதம் கிழியும். கழுத்தில் ஒரு விசில். நீர்புகாத உறையில் போன், அதில் கடலோரக் காவல்படையின் 1554 என்ற எண். படகில் கட்டி வைக்காமல் உடம்போடு வைத்துக்கொள்ளுங்கள்.

படகைத் தயார் செய்வதில் வகுப்பில் சொன்னதையே செய்யுங்கள். நான்கு இடங்களில் மட்டும் இரண்டாம் தடவை கை வைத்துப் பாருங்கள், ஏனென்றால் தொல்லை வந்தால் இங்கிருந்துதான் வரும்.

பின்பக்கம் அடியில் ஒரு திருகு மூடி இருக்கிறது, உடலுக்குள் சேரும் தண்ணீரை வடிக்க. வீட்டில் நிற்கும்போது அது திறந்திருக்கும். அதை மூட மறந்து தண்ணீரில் இறக்கும் ஆள் ஒவ்வொரு சங்கத்திலும் ஒவ்வொரு சீசனிலும் ஒருவராவது இருப்பார். முதல் பத்து நிமிடம் ஒன்றும் தெரியாது. அப்புறம் படகு மந்தமாகும், பின்பக்கம் தாழும். அடுத்தது சுக்கான். பின்பக்கத்துக் கொக்கியில் சுக்கானை மாட்டியதும் ஒரு சின்ன உலோக நாக்கு டக்கென்று வெளியே வந்து பூட்ட வேண்டும். சுக்கானைப் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள், கழன்று வந்தால் அது பூட்டவில்லை. படகு தலைகீழானால் சுக்கான் நழுவிக் கடலில் போய்விடும். மூன்றாவது, டாகர்போர்டுக்கும் ரப்பர் கயிறு கட்டியிருக்க வேண்டும், காரணம் அதேதான். நான்காவது, பாயைக் கட்டுப்படுத்தும் கயிறான மெயின்ஷீட். அதன் நுனியில் 8 வடிவ முடிச்சு ஒன்று போட்டு, அல்லது கால் மாட்டும் பட்டையில் கட்டி, கை தவறினால் உருவிக்கொண்டு ஓடாதபடி செய்யுங்கள். சில படகுகளில் அந்தக் கயிற்றைக் கவ்விப் பிடிக்கும் கிளீட் பக்கவாட்டில் இருக்கும். முதல் நாள் அதைத் தொடாதீர்கள். கயிறு கையிலேயே இருக்கட்டும்.

ஏன் கையிலேயே இருக்க வேண்டும் என்றால், படகை நிறுத்தும் ஒரே வழி அதுதான். தண்ணீரில் இறங்கி ஐம்பது மீட்டர் போனதும், வேறு எதையும் செய்வதற்கு முன் ஒரு பயிற்சி செய்யுங்கள். காற்று பக்கவாட்டில் வரும்படி படகை வைத்துக்கொண்டு, மெயின்ஷீட்டை முழுக்க விட்டுவிடுங்கள். பூம், அதாவது பாயின் அடிக்கட்டை, வெளிப்பக்கம் போய்விடும். பாய் படபடவென்று கொடி மாதிரி அடிக்கும். அந்தச் சத்தம் புதியவரைப் பயமுறுத்தும், ஆனால் படபடக்கும் பாயில் விசையே இல்லை. படகு நிமிர்ந்து, வேகம் செத்து, சும்மா மிதக்கும். காரில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுப்பது போலத்தான், பிரேக் மட்டும் கிடையாது. அந்த நிலையில் ஒரு நிமிடம் உட்காருங்கள். தண்ணீர் குடியுங்கள். சுற்றிப் பாருங்கள். பிறகு கயிற்றை மெல்ல இழுங்கள், படபடப்பு நிற்கிற இடத்தில் நிறுத்துங்கள், படகு கிளம்பும். இதை நாலைந்து தடவை செய்தால் எந்தக் குழப்பத்திலும் கை தானாகக் கயிற்றை விடும். புதியவர்கள் பயத்தில் செய்வது நேர் எதிர்: படகு சாயச் சாயக் கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடிப்பார்கள், அது இன்னும் சாயும். காற்று முதுகில் இருக்கும்போது மட்டும் இந்த வித்தை அவ்வளவு சுலபமாகப் பலிக்காது. முதலில் அணியத்தை, அதாவது படகின் முன்நுனியை, காற்றுப் பக்கம் திருப்பிவிட்டு அப்புறம் விடுங்கள்.

திருப்புவதைப் பற்றி வகுப்பில் நிறையச் சொல்லியிருப்பார்கள். காற்றை நோக்கித் திரும்பி மறுபக்கம் போவது டேக். இதில் பாதியில் மாட்டிக்கொள்வது சகஜம். காற்று வரும் திசைக்கு இருபுறமும் சுமார் 45 டிகிரிக்குள் எந்தப் படகும் முன்னேறாது, வேகம் இல்லாமல் திரும்பினால் நடுவிலேயே நின்று பின்னோக்கி நகரும். அப்படி நின்றால் பூமைக் கையால் வெளியே தள்ளிப் பிடித்து, டில்லரையும் அதே பக்கம் தள்ளுங்கள். படகு பின்னாலேயே போய் ஒரு பக்கம் திரும்பும், அப்போது கயிற்றையும் டில்லரையும் இழுத்தால் கிளம்பிவிடும். டில்லர் தெரியும்தானே, சுக்கானைத் திருப்பும் கைப்பிடி. பின்னோக்கிப் போகும்போது அது வழக்கத்துக்குத் தலைகீழாக வேலை செய்யும் என்பதால்தான் இந்தக் குழப்பம்.

காற்று முதுகில் இருக்கும்போது மறுபக்கம் திரும்புவது ஜைப். இதில் பூம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஒரே வீச்சில் பாயும். லேசரில் பூம் தாழ்வாக இருக்கும், நேராகத் தலையில் அடிக்கும். முதல் நாள் ஜைப் செய்யவே வேண்டாம் என்பது என் கருத்து. மறுபக்கம் போக வேண்டுமானால் சுற்றுவழியாகக் காற்றை நோக்கித் திரும்பி டேக் செய்து வாருங்கள். பார்ப்பவர்கள் இவருக்கு ஜைப் தெரியாது போல என்று நினைப்பார்கள். நினைத்துக்கொள்ளட்டும். நீங்களாகச் செய்யாவிட்டாலும் அதுவாக நடக்கலாம், அதனால் காற்று நேர் முதுகில் இல்லாமல் கொஞ்சம் ஒரு தோள்பக்கம் இருக்கும்படியே வாருங்கள்.

இனி கவிழ்வது. கவிழ்வீர்கள். லேசர் என்றால் கவிழும். நீச்சல் தெரியும் என்று சொன்னீர்கள், நல்லது. ஆனால் இங்கே நீச்சலை விட முக்கியம் படகை விட்டு விலகாமல் இருப்பது. கவிழ்ந்தாலும் லேசர் மூழ்காது, உடல் காற்றடைத்த பெட்டி. கரை பக்கத்தில்தானே, நீந்தியே போய்விடலாம் என்று எப்போதும் நினைக்காதீர்கள். தண்ணீர் மட்டத்திலிருந்து பார்க்கும்போது கரை பக்கத்தில் இருப்பதாகத்தான் தெரியும். தேடி வருபவர்களுக்கும் வெள்ளைப் படகு தெரியும், உங்கள் தலை தெரியாது.

விழுந்ததும் கையில் மெயின்ஷீட் இருந்தால் அதை விடாதீர்கள், ஆனால் இழுத்து இறுக்கவும் செய்யாதீர்கள். அதைப் பிடித்தபடியே படகைச் சுற்றி அடிப்பக்கத்துக்கு நீந்துங்கள். டாகர்போர்டு அங்கே பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். கயிறு எங்கும் சிக்காமல் தளர்வாக இருக்கிறதா என்று பாருங்கள். பாய் இறுகிய நிலையில் நிமிர்த்தினால் படகு நிமிர்ந்த வேகத்தில் உங்களை விட்டுவிட்டு ஓடும் அல்லது மறுபக்கம் விழும். அடுத்து, காற்று எந்தப் பக்கம் என்று பாருங்கள். பாய்மரம் காற்று வரும் பக்கமாக நீட்டிக்கொண்டிருந்தால், நிமிர்த்தும்போது காற்று பாயின் அடியில் புகுந்து படகைத் தூக்கி அப்படியே உங்கள் மேல் சாய்க்கும். கொஞ்சம் பொறுங்கள், அணியத்தைப் பிடித்துக்கொண்டு மிதந்தால் படகு தானாகவே சுழன்று காற்றுக்கு எதிராக வந்துவிடும். அப்புறம் டாகர்போர்டின் மேல் ஏறுங்கள். நுனியில் நிற்காதீர்கள், பலகை முறியும். உடலை ஒட்டி அதன் அடிப்பாகத்தில் காலை வைத்து, படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் சாயுங்கள். முதல் சில விநாடிகள் ஒன்றுமே நடக்காது, பாயின் மேல் இருக்கும் தண்ணீர் வழிய நேரம் பிடிக்கும். பலத்தைக் கொட்டி ஆட்டாதீர்கள், உடம்பின் எடையே வேலை செய்யும். பாய் தண்ணீரை விட்டு விலகியதும் படகு சட்டென்று எழும். அந்த வினாடியில் உள்ளே பாய்ந்துவிட்டால் மறுபடி தண்ணீரிலிருந்து ஏற வேண்டியதில்லை. முடியாவிட்டால் காற்று வரும் பக்கத்திலிருந்து வயிற்றைப் போட்டு ஏறுங்கள்.

முழுதாகத் தலைகீழாகிவிட்டாலும் இதே முறைதான், பாய்மரம் மேலே வரக் கூடுதல் நேரம் ஆகும். துறைமுகத்துச் சேற்றில் பாய்மர நுனி குத்திக்கொண்டால் வலுக்கட்டாயமாக இழுக்காமல் விசில் ஊதி உதவி கேளுங்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டுப் போவது போதாது. தனியாகப் போகும் நாளுக்கு முன்பே ஒரு நாள், நண்பர் ஒருவரைக் கரையில் நிறுத்திவிட்டு, மார்பளவுக்கு மேற்பட்ட ஆழத்தில் வேண்டுமென்றே கவிழ்த்து நிமிர்த்திப் பாருங்கள். கவிழ்ந்து ஏறுவது எவ்வளவு களைப்பு என்பது அப்போதுதான் தெரியும். மூன்றாவது முறை ஏறும்போது கை நடுங்க ஆரம்பிக்கும். அதனால் தனிப்பயணத்தில் இரண்டு முறை கவிழ்ந்தால் அன்றைய கணக்கு முடிந்தது, நேராகக் கரைக்கு.

தண்ணீரில் நீங்கள் மட்டும் இல்லை. பாய்ப் படகுகளுக்குள் விதி எளிது: வலப்பக்கத்திலிருந்து காற்று வாங்குபவருக்கு, இடப்பக்கத்திலிருந்து காற்று வாங்குபவர் வழிவிட வேண்டும். இருவருக்கும் ஒரே பக்கக் காற்று என்றால் காற்று வரும் பக்கம் இருப்பவர் விலக வேண்டும். முந்துபவர் எப்போதும் விலக வேண்டும். பாய்ப் படகுக்கு மோட்டார் படகு வழிவிடும் என்று வகுப்பில் சொல்லியிருப்பார்கள். அந்த விதி உண்மைதான், ஆனால் கப்பல் வரும் வாய்க்காலில் அதை நம்பி நிற்காதீர்கள். குறுகிய வாய்க்காலில் பாய்ப் படகு பெரிய கப்பலுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்பதும் அதே சர்வதேச விதிகளில்தான் இருக்கிறது. சரக்குக் கப்பல் நினைத்த இடத்தில் நிற்காது. இழுவைப் படகு கப்பலை நோக்கிக் கிளம்புவது தெரிந்தாலே ஓரம் கட்டுங்கள். நிற்கும் கப்பலின் பக்கத்திலும் போக வேண்டாம், அதன் மறைவில் காற்று செத்துப்போய், மறைவைத் தாண்டியதும் திடீரென்று அடிக்கும்.

மீன்பிடிப் படகுக்கு, அது வலை விட்டிருந்தால், நீங்கள்தான் விலக வேண்டும். சென்னைத் துறைமுகத்துக்கு வடக்கே ஒட்டியே காசிமேடு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் விசைப்படகுகள் ஓடாது, மற்ற நாட்களில் நெரிசல்தான். வரிசையாகத் தெர்மாகோலோ பிளாஸ்டிக் கேனோ மிதந்தால் அது வலை. நடுவில் புகுந்தால் டாகர்போர்டும் சுக்கானும் மாட்டும், வலையும் கிழியும், அப்புறம் கரையில் பேச்சு வாங்க வேண்டியிருக்கும், அது நியாயமும்கூட. தெரியாமல் புகுந்துவிட்டால் டாகர்போர்டை உருவி மேலே தூக்கிக்கொண்டு மெல்ல நழுவி வாருங்கள்.

பயணத் திட்டம் என்று பெரிதாக வேண்டாம். முதலில் காற்றை எதிர்த்துப் போங்கள், களைப்பு தெரிந்ததும் திரும்புங்கள், காற்றே கொண்டுவந்து விடும். போகும்போது கஷ்டம், வரும்போது சுகம், இந்த வரிசை மாறக் கூடாது. கரையில் ஒருவரிடம் இத்தனை மணிக்கு வருவேன் என்று சொல்லிவிட்டுப் போங்கள், வராவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். முதல் தடவைக்கு ஒரு மணி நேரம் தாராளம்.

கரை சேரும்போது காற்று முதுகில் இருப்பதால் நினைத்ததை விட வேகமாக வருவீர்கள். கரைக்கு முப்பது மீட்டர் இருக்கும்போதே டாகர்போர்டைப் பாதி தூக்கி, சுக்கானின் கயிற்றைத் தளர்த்தி அதன் பலகையை மேலே வரவிடுங்கள். இடுப்பளவு ஆழம் வந்ததும் படகைக் காற்றுக்கு எதிராகத் திருப்பிக் கயிற்றை விட்டுவிட்டு, காற்று வரும் பக்கமாக இறங்கி அணியத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒருபோதும் படகுக்கும் கரைக்கும் நடுவில் நிற்காதீர்கள், சின்ன அலைகூட 59 கிலோவைத் தூக்கி முழங்காலில் போடும்.

மேலே ஏற்றியதும் நல்ல தண்ணீரில் எல்லாவற்றையும் கழுவுங்கள், கப்பிகளையும் சுக்கான் பூட்டையும் முக்கியமாக. உப்பு அவற்றைத்தான் முதலில் தின்னும். பாயை வெயிலில் காய வைக்காமல் நிழலில் உலர்த்திச் சுருட்டுங்கள். கடைசியாகப் பின்பக்கத்து மூடியைத் திறந்து படகைச் சாய்த்துப் பாருங்கள். ஒரு டம்ளர் தண்ணீர் வந்தால் பரவாயில்லை. குடம் குடமாக வந்தால் அடுத்த வாரம் கடலுக்குப் போவதற்கு முன் பாய்மரக் குழியில் மறுபடி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்.